அபு நாயிஃப் துண்டில் ஆப்பிள் பறித்தவர்கள்

நெகாமா பிறந்ததிலிருந்து நாட்டை விட்டு வெளியே போனதில்லை. போகவேண்டிய தேவையும் இருந்ததில்லை. உலகமே அவள் வீட்டு வாசலுக்கு வந்து, பூட்ஸ் மண்ணைத் தட்டிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு அந்த வீட்டைப் பார்ப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

லெபனான் எல்லை வேலிக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிப்புட்ஸ் அது. நிலம், டிராக்டர், சாப்பாட்டுக் கூடம், சலவைக் கூடம் எல்லாம் எல்லோருக்கும் பொது என்று அவளுடைய அப்பாவும் அவர் கூட்டாளிகளும் கூடி உண்டாக்கிய ஊர். அம்மா மான்செஸ்டர்காரி என்பதால் நெகாமாவுக்கு ஆங்கிலம் வரும். அந்த ஒரே தகுதியை வைத்து, இருபத்தோரு வயதில், வெளிநாட்டிலிருந்து வரும் தொண்டர்களைக் கவனிக்கும் பொறுப்பை அவள் தலையில் கட்டினார்கள். 1967இன் ஆறு நாள் போர் முடிந்து நாலு வருடம் ஆகியிருந்த சமயம். ஐரோப்பாவில் எந்த வீட்டில் பார்த்தாலும் பிள்ளைகள் கிப்புட்சுக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். தபால்காரர் கடிதங்களைச் சாக்கில் கொண்டுவந்து கொட்டினார். சொந்த வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத சுவீடன் பையன்கள் இங்கே வந்து மாட்டுக் கொட்டகை கழுவினார்கள். அதை அவர்களுடைய அம்மாக்கள் அங்கே அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டார்கள்.

வந்தவர்கள் ஒவ்வொருவரையும் ஒரு குடும்பத்துக்குப் பிள்ளையாகக் கொடுப்பது வழக்கம். பிள்ளைக்கு ஒரே ஓர் உரிமைதான்: நாலு மணிக் காபி. அந்தக் காலத்தில் கிப்புட்ஸ் குழந்தைகள் தூங்குவதுகூடக் குழந்தைகள் இல்லத்தில்தான். நாலு மணிக்குத்தான் பெற்றோர் வீட்டுக்கு ஓடிவருவார்கள். அந்த நேரத்தில் கூட்டம் கிடையாது, வேலை கிடையாது, ஒருவர் வீட்டுக் கதவை இன்னொருவர் தட்டுவதும் கிடையாது. அந்த நேரத்தில் ஒரு வெளியாளுக்கு நாற்காலி போட்டால் அவள் வெளியாள் இல்லை என்று அர்த்தம்.

1974இல் டென்மார்க்கிலிருந்து வந்த லிஸ்பெத் நெகாமாவுக்குப் பிள்ளையாக வாய்த்தாள். பிள்ளைக்கு வயது பத்தொன்பது, அம்மாவுக்கு இருபத்து நான்கு. நெகாமாவின் கணவன் மெனாஷே, "நம்ம மூத்தவ சைக்கிள்ல வர்றா, கேக்கை ஒளிச்சு வை" என்பான். ஒளித்து வைத்தாலும் பலனில்லை. கசகசா கேக் எங்கே இருந்தாலும் லிஸ்பெத் மோப்பம் பிடித்துவிடுவாள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் மறுபடி கேட்பாள். ஆப்பிள் தோட்டத்தின் கிழக்கு மூலைக்கு அபு நாயிஃப் துண்டு என்று பெயர். வேலைப் பலகையில் அப்படித்தான் எழுதுவார்கள். "நாளைக்கு அபு நாயிஃப்ல பறிக்கிறோம், ஏணி எடுத்துட்டு வா" என்று சொல்லும்போது யாரும் அந்தப் பெயரை யோசிப்பதில்லை, தன் கையிலிருக்கும் விரல்களை யோசிக்காத மாதிரி. லிஸ்பெத் யோசித்தாள்.

"யாரு அந்த அபு நாயிஃப்?"

"யாருமில்ல. வெறும் பேருதான்."

"பேருக்கு ஆளு இருக்கணுமே?"

"இந்தத் துண்டோட பேரு அது, அவ்வளவுதான். கூடையைப் பிடி."

மரங்களுக்கு நடுவே ஒரு கல் வாசல் நின்றது. அதற்குப் பின்னால் வீடு இல்லை. இரண்டு வருடத்தில் லிஸ்பெத் மூன்று தடவை கேட்டாள், நெகாமா மூன்று தடவையும் அதே பதிலைச் சொன்னாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குச் சொல்லப்பட்டதை அவள் சொன்னாள், அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பிய லிஸ்பெத் வெள்ளிக்கிழமை தவறாமல் நாலு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். முதலில் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் இருந்த பொதுத் தொலைபேசிக்கு, பிறகு வீட்டுக்கு, பிறகு கைப்பேசிக்கு. நாற்பத்தேழு வருடம். நெகாமா ஒரு தடவைகூட அவளை அழைத்ததில்லை. வெளிநாட்டுக்கு அழைக்கவேண்டுமென்றால் ஒரு காலத்தில் கிப்புட்ஸ் செயலாளர் முன்னால் போய் நின்று காரணம் சொல்லவேண்டும். அந்தக் காலம் மலையேறிப் பல வருடமாகியும் பழக்கம் போகவில்லை. தொண்டர்கள் நம்மைக் கூப்பிடுவார்கள், நாம் அவர்களைக் கூப்பிடுவதில்லை. அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது. இல்லையென்று சொன்னால் நெகாமாவே சிரிப்பாள்.

1982 லெபனான் போருக்குப் பிறகு தபால் சாக்கு பையாகச் சுருங்கியது. பிறகு காசாவிலும் மேற்குக் கரையிலும் சிறுவர்கள் கல்லெறியும் படங்கள் ஐரோப்பியத் தொலைக்காட்சியில் வர ஆரம்பித்தன. அப்போதும் வந்த ஒன்றிரண்டு பேர் கேள்விகளோடு வந்தார்கள், பாதி காபியில் எழுந்து போனார்கள். அப்புறம் கொரியாக்காரர்கள் வந்தார்கள், கொலம்பியாக்காரர்கள் வந்தார்கள், எபிரேயம் கற்றுக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். ஒரு நாள் தொண்டர் குடியிருப்புக்குப் பூட்டுப் போட்டார்கள். மெனாஷே இறந்தான். மகன் நிம்ரோத் ஹைஃபாவில் வேலை பார்த்தான், பேரன் அசாஃபை அழைத்துக்கொண்டு பண்டிகைக்கு வந்தான். நாலு மணிக்கு நெகாமா ஒருத்தியாகக் காபி குடித்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் துணைக்கு லிஸ்பெத்தின் குரல்.

2023 அக்டோபரில் தெற்கே நடந்த கொலைகளில், நெகாமாவோடு ஆசிரியப் பயிற்சி படித்த பட்யா அவளுடைய வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டாள். வடக்கில் ராக்கெட் விழத் தொடங்கியதும் கிப்புட்ஸ் முழுவதையும் காலி செய்து திபேரியாஸில் ஒரு ஓட்டலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். லிஸ்பெத் வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் அன்றைக்கே அழைத்தாள். பேசவில்லை, அழுதாள். அதற்குப் பிறகு தினமும் அழைத்தாள்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, லிஸ்பெத் தயங்கித் தயங்கி, காசாவில் செத்துப்போகும் குழந்தைகளைப் பற்றிக் கேட்டாள். ஓட்டல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்த நெகாமாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"பட்யாவைப் புதைச்சு ரெண்டு மாசம் ஆகல. நீ யாரு பக்கம்?"

"உன் பக்கம்தான். எப்பவும் உன் பக்கம்தான். ஆனா..."

"ஆனா கீனா எல்லாம் வேண்டாம். இனிமே நாலு மணிக்குக் கூப்பிடாத."

கிப்புட்சில் ஒருத்தி இன்னொருத்தியிடம் 'இனிமே வராதே' என்றால், நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வா என்று அர்த்தம். டென்மார்க்கில் அப்படி இல்லை போலிருக்கிறது. லிஸ்பெத் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டாள். அடுத்த வெள்ளி அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் ஓடிவிட்டது. மன்னிப்புக் கேட்கவேண்டியவள் அவள்தான் என்று முதல் வருடம் முழுக்க நெகாமா வீம்பாக இருந்தாள். இரண்டாம் வருடம் வீம்பு தேய்ந்துபோய் வெறும் ஏக்கம் மிஞ்சியது. எண் எழுதிய அட்டை பழைய பிஸ்கட் டப்பாவில், மற்றத் தொண்டர்களின் முகவரிகளோடு கிடந்தது. டப்பாவை அவள் திறக்கவில்லை.

அந்த இரண்டாம் வருடத்தின் வசந்த காலத்தில் எல்லோரும் கிப்புட்சுக்குத் திரும்பலாம் என்றார்கள். திரும்பியவர்கள் பாதிப் பேர். ஆப்பிள் தோட்டத்தின் ஒரு பக்கம் கருகிப்போயிருந்தது. மிச்ச மரங்களில் காய் நன்றாகப் பிடித்திருந்தது, பறிக்கத்தான் ஆளில்லை. செப்டம்பரில் செயலாளர் ஹகித், அவளும் குழந்தைகள் இல்லத்தில் நெகாமா வளர்த்த பிள்ளைகளில் ஒருத்திதான், மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"நெகாமா, டெக்சாஸ்ல இருந்து நாப்பத்து மூணு பேர் வர்றாங்க. தேவாலயக் கூட்டம். ஒரு வாரம் சும்மாவே பறிச்சுத் தர்றாங்களாம். நீதான் பார்த்துக்கணும்."

"தேவாலயமா? சாமியே வேண்டாம்னு இருந்த எங்கப்பா கல்லறையில புரண்டு படுப்பாரு."

"உங்கப்பா வந்து ஆப்பிள் பறிச்சுக் குடுப்பாரா? நீ சரின்னு சொல்லு."

பக்கத்து வீட்டு யோஸ்கே எண்பத்தொரு வயதில் பேட்டரி வண்டியில் ஊரைச் சுற்றுகிறவன். வாய்க்குப் பூட்டுக் கிடையாது. திங்கள்கிழமை காலை அவள் வாசலில் வண்டியை நிறுத்தி, "உன் புதுக் காதலருங்க பஸ்ஸை விட்டு எறங்கிட்டாங்க, போய்க் கட்டிப்பிடி" என்றான்.

"நீ போய்க் கட்டிப்பிடி, கிழவா."

"என்னை யாரு கட்டிப்பிடிப்பா? அவங்களுக்குத் தீர்க்கதரிசி மாதிரி ஆளு வேணும். உனக்குத்தான் அந்த மூஞ்சி."

யோஸ்கே சொன்னதில் தப்பில்லை. வந்தவர்கள் நிஜமாகவே கட்டிப்பிடித்தார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் சுணங்காமல் பறித்தார்கள், பாடிக்கொண்டே பறித்தார்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் இஸ்ரேல் கொடி இருந்தது. அவர்களுடைய போதகர் வெய்ன் தினமும் காலையில் மண்ணைக் கையில் அள்ளி ஜெபம் செய்தார். கடவுளை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வளர்ந்த நெகாமாவுக்கு அந்த நேரத்தில் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். அபு நாயிஃப் துண்டில் பறிக்கவேண்டும் என்று பலகையில் ஹகித் எழுதியிருந்தாள். காலை வானொலியில், இன்னும் சில வெளிநாடுகள் பாலஸ்தீனத்தைத் தனி நாடாக ஒப்புக்கொள்ளப் போவதாகச் செய்தி வந்தது. "கவலைப்படாதீங்க மேடம், உலகமே உங்களைக் கைவிட்டாலும் நாங்க இருக்கோம்" என்று சொல்லி டார்லீன் அவளுடைய தோளை அணைத்துக்கொண்டாள். டார்லீன் அறுபது வயதுக்காரி, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட நூலகர், எதைப் பார்த்தாலும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்கிறவள். கல் வாசல் அருகே வந்ததும் நோட்டை எடுத்தாள்.

"இந்த இடத்தோட பேர் என்ன?"

"அபு நாயிஃப்."

"அழகா இருக்கே. யாரு அது?"

"யாருமில்ல" என்றது நெகாமாவின் வாய், அவளைக் கேட்காமலே. "வெறும் பேருதான்."

"ஓ, சரி" என்று சொல்லி டார்லீன் எழுதிக்கொண்டாள். நோட்டை மூடினாள். கல் வாசலில் சாய்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நெகாமா அங்கேயே நின்றாள். மறு கேள்வி வரும் என்று அவளையும் அறியாமல் காத்திருந்தாள். பேருக்கு ஆளு இருக்கணுமே என்று யாராவது கேட்கமாட்டார்களா? நாற்பத்து மூன்று பேர் ஏணி வைத்து ஏறினார்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவள் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்வார்கள். அந்தக் கல்லைத் தானே செதுக்கினேன் என்று சொல்லியிருந்தாலும் டார்லீன் எழுதிக்கொண்டிருப்பாள். தன்னை இதற்குமுன் யாரும் இவ்வளவு சந்தோஷமாக நம்பியதில்லை, இதற்குமுன் இவ்வளவு தனியாக இருந்ததும் இல்லை.

வெள்ளி மாலை சப்பாத் ஓய்வுநாள் தொடங்குவதற்குள் அவர்கள் எருசலேம் போய்ச் சேரவேண்டும் என்பதால் மதியமே வழியனுப்பு. புல்வெளியில் மேசை போட்டு, நெகாமா இரண்டு கசகசா கேக் செய்து வைத்தாள், கோப்பைகளைச் சுமந்தாள், எல்லோருக்கும் ஊற்றினாள். நாற்காலிகள் விருந்தாளிகளுக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தன. போதகர் நீளமாக வாழ்த்தினார். ஒவ்வொருவரும் வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். "உங்க வீரத்தைப் பார்த்து எங்களுக்கு அழுகையே வருது" என்றாள் டார்லீன். பஸ் கிளம்பியபோது மணி மூன்றே முக்கால்.

வண்டியை ஓட்டிக்கொண்டு யோஸ்கே வந்தான்.

"கேக் மிச்சமிருக்கா?"

"அரைக் கேக் இருக்கு." ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தாள். "யோஸ்கே, ஒண்ணு கேக்கட்டா? அபு நாயிஃபை உனக்கு ஞாபகம் இருக்கா?"

யோஸ்கே மெல்லுவதை நிறுத்தினான். "எனக்கு அப்ப நாலு வயசு. அவன் கழுதை ஞாபகம் இருக்கு. ஏன் இப்ப?"

"சும்மாதான்."

"அம்பது வருஷமா சும்மாவே இருந்தியே" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு அவன் போனான்.

வீட்டுக்குள் வந்து காபி போட்டாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அட்டையில் லிஸ்பெத்தின் கையெழுத்து, கைப்பேசி எண், கீழே கோணலான எபிரேயத்தில் 'கேக்கை ஒளிக்காதே.' மணி நாலு. எண்ணை அழுத்தினாள். எடுக்காவிட்டால்? எடுத்து, யாரு என்று கேட்டுவிட்டால்? நாற்பத்தேழு வருடம் அந்தப் பக்கத்தில் இருந்து அழைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒவ்வொரு வெள்ளியும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

மறுமுனையில் பறையடிக்கிற மாதிரி சத்தம், கூட்டத்தின் இரைச்சல். அதற்கு நடுவே, "நெகாமா? இரு. வெச்சிடாத. இரு, இரு."

மூச்சு வாங்கிக்கொண்டு நடக்கும் சத்தம் கேட்டது. இரைச்சல் குறைந்தது.

"சந்துக்குள்ள வந்துட்டேன். என்ன ஆச்சு? அசாஃப் நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான். தெரியல. நீ எங்க இருக்க?"

"காசா ஊர்வலத்துல. வாராவாரம் வர்றேன். துணிப் பதாகை ஒண்ணு, அதுல ஒரு கழி நான் பிடிக்கணும். பக்கத்துல இருந்த பொண்ணுகிட்டக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"என்ன எழுதியிருக்கு அதுல?"

"அது வந்து..." என்று லிஸ்பெத் இழுத்தாள்.

"சரி, சொல்லாத" என்றாள் நெகாமா. "அந்தப் பொண்ணுக்கு நீ யாருகூடப் பேசறேன்னு தெரியுமா?"

"தெரியாது. நான் உங்க ஊர்ல ரெண்டு வருஷம் இருந்தேன்னு ஒரு தடவை சொன்னேன். அதுக்கப்புறம் மூணு வாரம் என் பக்கத்துல ஒருத்தரும் நிக்கல. இப்ப சொல்றதில்ல."

நெகாமா கண்களை மூடிக்கொண்டாள். சொல்லவேண்டியதைச் சொல்ல வேறு நேரம் வராது என்று தோன்றியது.

"லிஸ்பெத், அபு நாயிஃப்னு ஒரு ஆளு இருந்தாரு. அந்தக் கல் வாசல் அவர் வீட்டோடது. எந்தத் துண்டுல உறைபனி விழாதுன்னு அவர்தான் எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாராம். அப்புறம் நாப்பத்தெட்டுப் போர்ல அவர் ஊர் அரபுக்காரங்க எல்லாரும் லெபனானுக்குப் போயிட்டாங்க. போயிட்டாங்கன்னுதான் எங்கப்பா சொன்னாரு. திரும்பி வர விடலைன்னு அவர் சொல்லல. நானும் கேக்கல."

"எனக்குத் தெரியும்" என்றாள் லிஸ்பெத் மெதுவாக.

"எப்படி?"

"யோஸ்கே சொன்னான், வந்த முதல் மாசமே."

"அப்புறம் எதுக்கு என்னை மூணு தடவை கேட்ட?"

"நீ சொல்லணும்னுதான்."

வெளியே யாரோ லிஸ்பெத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று டேனிஷ் மொழியில் அவள் பதில் கொடுத்தாள்.

"உனக்கு எவ்வளவு நேரம் இருக்கு?" என்று நெகாமா கேட்டாள்.

"பத்து நிமிஷம். அதுக்கு மேல அந்தப் பொண்ணுக்குக் கை வலிக்கும். சொல்லு, உன் முழங்கால் எப்படி இருக்கு?"

காலையிலிருந்து நாற்பத்து மூன்று பேர் அவளைக் கட்டிப்பிடித்திருந்தார்கள். அவள் நொண்டுவதை அவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

"வலிக்குது" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"உக்காந்து பேசு."

அப்போதுதான் தான் நின்றுகொண்டிருப்பது நெகாமாவுக்கு உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

"அசாஃப் பட்டாளத்தோட காசா உள்ள இருக்கான்" என்றாள். "மூணு வாரமா போன் இல்ல. பயமா இருக்கு லிஸ்பெத். அவனுக்கு என்ன ஆகுமோன்னு பயம். அவன் அங்க என்ன செய்யறானோன்னும் பயம். இதை இங்க யாருகிட்டயும் சொல்ல முடியல."

"என்கிட்டச் சொல்லு."

சொன்னாள். லிஸ்பெத் ஆறுதல் சொல்லவில்லை, குற்றமும் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் அவ்வப்போது கேட்டது. கேக் எப்படி வந்தது, கருகின மரங்கள் திரும்பத் துளிர்க்குமா, யோஸ்கேயின் வாய் இன்னும் அப்படியேதானா என்று கடைசியில் கேட்டாள். பத்து நிமிடம் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

"நான் போகணும்" என்றாள்.

"போ. கழியைப் பிடி."

"அடுத்த வெள்ளி நான் கூப்பிடவா?"

"கூப்பிடுன்னு வாய்விட்டுச் சொல்லணுமா உனக்கு? கூப்பிடு."

லிஸ்பெத் சிரித்தாள். கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டவள், இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாள். துணி உரசும் ஓசை, நடை, நெருங்கி நெருங்கி வரும் பறைச் சத்தம். பிறகு ஆயிரம் தொண்டைகள் ஒன்றாகக் கத்தின. டேனிஷ் மொழி நெகாமாவுக்குத் தெரியாது. ஆனால் தன் நாட்டின் பெயர் எந்த மொழியிலும் புரியும். அந்தப் பெயரைக் கூட்டம் என்ன தொனியில் கத்துகிறது என்பதும் புரிந்தது. அந்த ஆயிரம் குரலில் பையை ஒட்டினாற்போல் ஒரு கிழக்குரல், லேசாகக் கரகரத்து, மற்றவர்களைவிட அரை நொடி பின்தங்கிக் கத்தியது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

நெகாமா தொலைபேசியை வைக்கவில்லை. காபி ஆறிப்போகும்வரை அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.